உப்புப் பார்த்தது

மூன்றாவது மாதமும் மாஸ்டரின் எடை ஏறியிருந்தது. நூறு கிலோ நானூறு கிராம்.

அவர் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் தலைமைச் சமையல்காரர். வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. தொண்ணூற்றைந்துக்குக் கீழே வந்தால்தான் கத்தி வைப்பேன் என்று சொல்லி, உணவு ஆலோசகரான என்னிடம் எலும்பு மருத்துவர் அனுப்பியிருந்தார். அறுவை சிகிச்சைத் தேதிக்கு இன்னும் பத்து வாரம். தவறினால் அடுத்த தேதி ஒரு வருடம் கழித்து. அதுவரை அடுப்பின் முன்னால் நிற்க அந்தக் காலுக்குத் தெம்பில்லை. வேலை போய்விடும்.

தினமும் எழுதிவரச் சொல்லி நான் கொடுத்திருந்த நோட்டைப் புரட்டினேன். காலை, இரண்டு ரொட்டி. மதியம், இல்லை. இரவு, ஒரு கிண்ணம் சோறு, காய். தொண்ணூறு நாளும் இதேதான்.

"இதை மட்டும் சாப்பிட்டா நீங்க துரும்பா இளைச்சிருக்கணும் மாஸ்டர்."

"அதைத்தான் மேடம் நானும் கேக்குறேன். உங்க மெஷின்லதான் ஏதோ கோளாறு."

மெஷின் இன்னும் மோசமான சேதி சொன்னது. கொழுப்பு ஏறியிருந்தது, தசை இறங்கியிருந்தது. தொடையில் தசை இல்லாவிட்டால் புது மூட்டு வைத்தும் எழுந்து நடப்பது பெரும்பாடு.

"மறைச்சு எழுதலையே?"

பக்கத்தில் இருந்த மனைவி சீறினாள். அதே கேன்டீனில் காய் நறுக்குகிறவள். "இந்த மனுஷனைப் பத்தி ஆயிரம் குத்தம் சொல்வேன் மேடம். பொய் மட்டும் வராது. மதியம் தட்டு முன்னால உக்காரவே மாட்டாரு. கேட்டா பசிக்கலையாம்."

எனக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. மறுநாள் காலை கேன்டீனுக்கே போய்விட்டேன்.

ஆறு அண்டாக்கள் கொதித்துக்கொண்டிருந்தன. மாஸ்டர் காலை இழுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போனார். கரண்டியால் உள்ளங்கையில் ஊற்றி உறிஞ்சினார். வெந்ததா என்று ஒரு துண்டை வாயில் போட்டார். பொரித்ததில் ஒன்றைக் கடித்தார். ஆறாவது அண்டா முடிந்ததும் மறுபடி முதல் அண்டா.

"என்ன பண்றீங்க மாஸ்டர்?"

"உப்புப் பாக்குறேன்."

ஒரு காலி ஜாடி கேட்டு வாங்கினேன். அவர் வாயில் போடும்போதெல்லாம் அதே அளவை ஜாடியில் போட்டேன்.

"மேடமும் சமைக்க வந்துட்டாங்க," என்று மனைவி சிரித்தாள்.

பதினோரு மணிக்கு ஒரு லிட்டர் ஜாடி நிரம்பிவிட்டது. மேலே ஒரு விரல் கனத்துக்கு எண்ணெய் மிதந்தது. அவர் முன்னால் வைத்தேன்.

"இதை யாரு சாப்பிட்டது?"

"சாப்பிடல மேடம். உப்புப் பாத்தது."

"உள்ளே போச்சா இல்லையா?"

"போச்சு. ஆனா அது வேலையாச்சே! உக்காந்து கை நனைச்சாத்தானே சாப்பாடு? நீங்க சாப்பிட்டதைத்தானே எழுதச் சொன்னீங்க?"

உண்மைதான். நோட்டின் முதல் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது. 'சாப்பிட்டதை எழுதவும்.' மூன்று மாதம் வீண். யார்மேல் எரிந்து விழுவது என்று தெரியவில்லை.

"இனிமே மதியம் உக்காந்து சாப்பிடணும். முட்டை, பருப்பு, கீரை. உப்பை அக்கா பாக்கட்டும். ஒரே ஒரு சின்ன ஸ்பூன்."

"இவளா? இவ நாக்கு செருப்புத் தோல் மேடம்."

"இருபத்தஞ்சு வருஷமா உங்க சமையலைத் தின்ன நாக்கு. வேற எப்படி இருக்கும்?" என்றாள் மனைவி.

அவள் கடைசி அண்டாவில் ஒரு ஸ்பூன் எடுத்து நக்கிப் பார்த்தாள். "சரியா இருக்கு."

"சரியா இருக்குன்னா? தூக்கலா, மட்டா?"

"சரியா இருக்குங்கறேன்ல!"

அவர் கை கரண்டியை நோக்கிப் போனது.

"மாஸ்டர்!"

கை நின்றது. "நானூறு பேரு மேடம். நல்லா இல்லேன்னா என்னைத்தான் காறித் துப்புவானுங்க."

"காலும் உங்களோடதுதான்."

அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் பரிமாறும் ஜன்னலில் போய்ச் சாய்ந்துகொண்டார். வெளியே முதல் ஆள் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தான். இங்கே மாஸ்டரின் தாடை அசைந்தது. அவன் தலை நிமிராமல் இரண்டாவது கவளம் எடுத்தான். மூன்றாவது.

"ஒரு சிட்டிகை கம்மிதான்," என்றார். "மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது."

மனைவி இரண்டு முட்டையும் பருப்பும் போட்ட தட்டை மேசையில் ணங்கென்று வைத்து, ஸ்டூலைக் காலால் தள்ளினாள்.

"உக்காருங்க. ஆறப்போவுது."