அம்மா வூட்டுக் கல்

சிமெண்ட் கம்பெனி ஜீப் தெருவுக்குள் நுழைந்ததும் மலர்கொடி வாசலுக்கு ஓடிவந்தாள். ரெட்டிபாளையத்துப் பக்கம் இந்த ஜீப் வந்துபோன காடுகளில் அப்புறம் சுரங்க வெடிச்சத்தம்தான் கேட்டது. அவர்களுக்கு இருந்ததோ ஒரே ஒரு காணி மானாவாரிக் காடு. அதுவும் போய்விட்டால் எங்கே போய் நிற்பது?

போன வாரம் உழும்போது ஏர்க்கொழுவில் தட்டிச் சில கற்கள் பெயர்ந்தன. உடைத்தால் உள்ளே உருண்டை உருண்டையாக, விரால் சினையை அப்பி வைத்த மாதிரி இருந்தது. கம்பெனிக்காரர்கள் தேடி அலையும் சுண்ணாம்புக்கல் இதுதான் என்று ஊரில் பேச்சு. "ஒண்ணு விடாம பாழுங்கெணத்துல போட்டுடு மலரு" என்று புருஷன் நல்லதம்பி சொல்லியிருந்தான். போட்டாள். ஆனால் சினை மாதிரி இருந்ததைப் பார்த்த பிறகு ஆசை யாரை விட்டது? வீட்டுப் பசு சினை பிடிக்காமலே நின்றது. ராசிக்காக ஒரே ஒரு கல்லை அதன் தண்ணீர்த் தொட்டி ஓரம் வைத்தாள். அவனிடம் சொல்லவில்லை.

ஜீப்பில் வந்தவர் வேணுகோபால் சார், கல் பார்த்துச் சொல்லும் ஆபீசர். காட்டைச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வந்தார். கை கழுவத் தொட்டிப் பக்கம் போனவர் அங்கேயே குந்திவிட்டார். கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்கேருந்தும்மா வந்துச்சு?"

நல்லதம்பி கல்லையும் மலர்கொடியையும் மாறி மாறிப் பார்த்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, அண்டாவோ குண்டாவோ, யார் எதைக் கேட்டாலும் அவள் வாயில் தயாராக இருக்கும் பெருமைப் பதில்தான் இப்போதும் வந்தது.

"எங்க அம்மா வூட்லேருந்து கொண்டாந்ததுங்க சார்."

"அம்மா வீடு எந்த ஊரு?"

"கல்லங்குறிச்சிங்க."

"அங்க காடு இருக்கா?"

"அண்ணன் அங்கமுத்து பாக்குறாருங்க. மூணு பொட்டப்புள்ளைங்க, அதுங்களுக்கு அதான் சோறு..." சொல்லச் சொல்லத்தான் அவளுக்கே உறைத்தது.

வேணுகோபால் கல்லைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இங்க ஒண்ணுமில்லப்பா. கல்லங்குறிச்சிக்கு வுடு" என்றார் டிரைவரிடம்.

அங்கேயும் இதே பூமிதான். தோண்டினால் கிடைக்காமலா போகும்? உண்மையைச் சொன்னால் இந்தக் காடு போகும், சொல்லாவிட்டால் அண்ணன் காடு. எப்படியும் சொல்லிவிடுவது என்று அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் நல்லதம்பி ஜீப்புக்கு முன்னால் ஓடிப்போய் நின்றான்.

"ரோட்டுல சுத்திப் போவாதீங்க சார். ஏரிக்கரை வழியா போனீங்கன்னா நேரா மச்சான் காட்டுலயே கொண்டுபோய் வுட்டுடும்."

ஜீப் போய்விட்டது. திரும்பி வந்தவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி. "நல்ல நேரத்துல சொன்ன" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "மச்சான் வந்து கேட்டா எதுவும் தெரியாதுன்னுடு" என்றான்.

காடு போய்விட்டால் அண்ணன் முதலில் வந்து அழப்போவது இந்த வாசலில்தான்.