வேலிப் பொட்டு

"அம்மா, அம்மப்பாவுக்கு எங்களையெல்லாம் மறந்து போச்செண்டால், அவரின்ரை கோபங்களும் மறந்து போயிருக்குமோ?"

ஆறு வயது மகள் ஒருநாள் இப்படிக் கேட்டபோது அருந்ததி பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். "கால் கழுவிப்போட்டு வந்து தேவாரம் படி" என்று சொல்லிக் கேள்வியைத் தட்டிவிட்டாள். பெரியவர்கள் தட்டிவிடும் கேள்விகளைக் கடவுள் எடுத்து வைத்து ஆறுதலாகப் பதில் சொல்லுவார் என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

அது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஆவணி மாதம். நீர்வேலியில் அவளுடைய தகப்பன் கதிரவேலுவைத் தெரியாதவர்கள் இல்லை. நாற்பது வருடம் வாழை வைத்தவர். குலையை ஒரு தட்டுத் தட்டி நிறை சொல்லிவிடுவார். அந்த மனிதர் இப்போது பெற்ற மகளைப் பார்த்து, "பிள்ளை, நீங்கள் எந்த ஊர்?" என்று மரியாதையாகக் கேட்டார். அந்த மரியாதைதான் அவளைச் சுட்டது.

பெற்றோல் வராத காலம். மண்ணெண்ணெயில் ஓடிய வாடகைக் காரில் அவரை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப் போனாள். டாக்குத்தர் நல்ல மனிதர். ஒளிக்காமல் சொன்னார்.

"இதுக்கு அல்சைமர் எண்டு பேர். மூளை மெல்ல மெல்லத் தேய்ஞ்சு போற வருத்தம். கொழும்புக்குப் போனாலும் லண்டனுக்குப் போனாலும் சுகமாக்கிற மருந்தில்லை. நித்திரைக் குளிசை தரலாம். அது அவரை அடக்கும், மாத்தாது. பழகின இடம், பழகின முகம், நேரத்துக்குச் சாப்பாடு. அவர் பிழையாய்ச் சொன்னால் திருத்தப் போகாதையுங்கோ. கட்டி மட்டும் வையாதையுங்கோ."

அவ்வளவையும் ஒரு துண்டில் எழுதி வாங்கிக்கொண்டாள். ஆனால் அந்தத் துண்டில் ஒரு விஷயம் இல்லை. அவள் காலை ஏழரைக்குப் பள்ளிக்கூடம் போனால் இரண்டு மணிக்குத்தான் வருவாள். கணவன் நடராசாவுக்கு வவுனியாவில் உத்தியோகம். நாலு மாதத்துக்கு ஒருக்கால் வந்தால் பெரிய காரியம். அந்த ஆறரை மணித்தியாலம் ஐயாவை யார் பார்ப்பது? இரண்டு முறை அவர் தெருவில் இறங்கிக் கோப்பாய்ச் சந்தி வரை போய்விட்டார். ஒரு முறை தோட்டத்துக் கிணற்றுக் கட்டில் ஏறி நின்றாராம்.

யோசனை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் நூல் கட்டச் சொன்னார், இன்னொருவர் அறையில் விட்டுப் பூட்டச் சொன்னார். கனடாவிலிருந்து தம்பி பரமலிங்கம் எழுதிய கடிதம் மூன்று மாதம் பழசாகி வந்து சேர்ந்தது. கிளாலிக் கடலால் கொழும்புக்குக் கொண்டுவந்தால் நல்ல இடத்தில் விடலாமாம். சொந்த வீட்டுக்குள்ளேயே வழி தேடுகிற மனிதரைக் கடல்நீரேரியில் இருட்டோடு இருட்டாகப் படகேற்றுவதை அவளால் நினைத்தும் பார்க்க முடியவில்லை.

கடைசியில் சிஸ்ரர் பெர்னடெட் வந்தார். அடுத்த ஊரில் முதியோர் இல்லம் நடத்துகிற கன்னியாஸ்திரி. சைக்கிளை மாமரத்தில் சாத்திவிட்டுக் கதிரவேலுவோடு அரை மணித்தியாலம் வாழையைப் பற்றிக் கதைத்தார். பிறகு அருந்ததியிடம் சொன்னார்:

"ஒரு கட்டில் இருக்கு, ரீச்சர். வடிவாய்ப் பார்ப்பம். ஆனால் பொய் சொல்லக் கூடாது. அங்கை வந்தால் இவர் நாள் முழுக்க வீட்டுக்குப் போற வழியைத்தான் தேடுவார். பகலிலை ஒரு ஆள் கூட இருந்தால் இஞ்சையே இன்னும் கனகாலம் இருப்பார். ஐப்பசி பிறக்கும் வரைக்கும் கட்டிலை வைச்சிருக்கிறன். யோசியுங்கோ."

ஒரு மாதமும் சில நாட்களும் இருந்தன.

கவலை வந்தால் எங்கள் ஆட்கள் முதலில் ஓடிப்போய்ப் பார்ப்பது வேலியைத்தான். அருந்ததியும் அதைத்தான் செய்தாள். ஆள் பிடித்து வளவைச் சுற்றிப் புதுப் பனையோலையால் இரட்டை வரிச்சு வைத்து அடைப்பித்தாள். படலைக்குப் பூட்டுப் போட்டாள். கிழக்குப் பக்க வேலியை மட்டும் ஒரு பூனையும் நுழையாதபடி அடைக்கச் சொன்னாள். அந்தப் பக்கம் நாகலிங்கத்தார் வீடு.

அந்த வேலிக்கு ஒரு கதை இருந்தது. கதிரவேலு எல்லை வேலியைத் தள்ளி நட்டுவிட்டார் என்று நாகலிங்கம் வழக்குப் போட்டார். பதினொரு வருடம் நடந்தது. வழக்குக்குப் போன காசில் இரண்டு வீட்டுக்கும் மதில் கட்டியிருக்கலாம் என்று ஊர் சிரித்தது. சாட்சி போதாதென்று வழக்குத் தள்ளுபடியாயிற்று. கதிரவேலு வென்றார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நன்மை தின்மைக்குப் போக்குவரவு இல்லை. பெண்கள் உப்புக்கும் நெருப்புக்கும் போய்வந்த வேலிப் பொட்டு, ஒரு ஆள் குனிந்து நுழையும் அந்தச் சின்ன வழி, வழக்குத் தொடங்கிய அன்றே அடைபட்டுப் போயிற்று.

வேலி அடைத்த மறுநாள், பள்ளிக்கூடத்தால் வந்த அருந்ததி படலையைத் திறந்தாள். ஐயாவைக் காணவில்லை. கிணற்றடிக்கு ஓடி எட்டிப் பார்த்தாள். பிறகுதான் கிழக்கு வேலியைக் கண்டாள். புதுவோலை கிழிந்து, ஒரு மனிதன் புகுந்த அளவுக்கு ஓட்டை. வேலிக்கு அங்காலே ஐயாவின் சிரிப்புக் கேட்டது.

தெருவால் சுற்றிப் போய் நாகலிங்கத்தார் வீட்டுப் படலையில் நின்றாள்.

"வா பிள்ளை, படலை பூட்டில்லை" என்றார் நாகலிங்கம். "பூட்டுறது நீங்கள்தான்."

உள்ளே கதிரவேலு கதிரையில் சப்பாணி கட்டி இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உன்ரை கொப்பர் வழக்கிலை என்ரை காணியை வெண்டவர். இண்டைக்கு வந்து கதிரையையும் பிடிச்சிட்டார்" என்றார் நாகலிங்கம். "இனிச் சோத்துக் கோப்பைக்கும் வழக்குப் போடவேணும் போலை கிடக்கு."

"எட நாகு" என்றார் கதிரவேலு, வாய் நிறையச் சோற்றோடு. "ஆரடா இந்தப் பிள்ளை? வந்தவைக்கு ஒரு தேத்தண்ணி குடுக்கத் தெரியாதோ உனக்கு?"

நாகலிங்கத்தின் மனைவி சின்னத்தங்கம் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அருந்ததிக்கு நிலம் பிளந்தால் போதும் என்றிருந்தது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, மாமி. இனி வராமல் பாத்துக்கொள்ளுறன்."

"முதலிலை இரு. இருபத்தைஞ்சு வருசம் நிண்டது போதும்" என்று சின்னத்தங்கம் தேத்தண்ணியைக் கொடுத்து, உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டியையும் வைத்தாள்.

"சின்ன வயசிலை பள்ளிக்கூடம் விட்டால் இவன் உந்தப் பக்கத்தாலைதான் வாறவன்" என்றார் நாகலிங்கம். "அப்ப வேலியே இல்லை. இவன்ரை எண்ணத்திலை இப்பவும் இல்லைப் போலை."

அருந்ததி ஐயாவைக் கூட்டிவந்தாள். ஆளைக் கூப்பிட்டு ஓட்டையை அடைப்பித்தாள். மறுநாள் அதே இடம் மறுபடி கிழிந்திருந்தது. ஐயாவின் தோளிலும் முழங்கையிலும் ஓலைக்கருக்குக் கீறிய இரத்தக் கோடுகள். மஞ்சள் பூசிவிட்டாள். அன்று மாலை தானே ஒரு ஓலையை வைத்துக் கட்டினாள். இரவெல்லாம் சிஸ்ரரின் கட்டில்தான் கண்ணுக்குள் நின்றது.

மூன்றாம் நாள் வந்து பார்த்தபோது ஓலை இல்லை. ஓட்டை இருந்தது. ஆனால் கிழிசலாக இல்லை. யாரோ கருக்கெல்லாம் வடிவாய்ச் சீவி, ஓலை நுனிகளை உள்ளே மடித்து, விளிம்பைச் சுற்றி வாழைநாரால் வரிந்து கட்டியிருந்தார்கள். குனிகிறவர் பிடித்துக்கொள்ள ஒரு பூவரசந் தடியும் நட்டிருந்தது. முடிச்சுகள் அங்காலைப் பக்கம் இருந்தன.

அருந்ததி அந்த நார்க்கட்டைத் தடவிப் பார்த்தாள். பிறகு தெருவால் போகவில்லை. குனிந்து பொட்டுக்குள்ளால் நுழைந்தாள்.

"மாமா, வெக்கத்தை விட்டுக் கேக்கிறன். நான் பள்ளிக்கூடத்தாலை வருமட்டும் ஐயாவைப் பாத்துக்கொள்ளுவீங்களோ?"

நாகலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் அவனைப் பாக்கிறதோ? அவனெல்லோ என்னைப் பாக்கிறான். என்ரை வாழைக்குத் தண்ணி காணாதெண்டு காலமை முழுக்க ஏச்சு."

"மத்தியானச் சோறு நான் குடுப்பன். நீ கட்டிக்கொண்டு வரப்படாது" என்றாள் சின்னத்தங்கம். அவள் வைத்த நிபந்தனை அது ஒன்றுதான்.

அருந்ததி டாக்குத்தரின் துண்டை எடுத்து இருவருக்கும் வாசித்துக் காட்டினாள். திருத்தப் போகாதையுங்கோ என்ற இடத்தில் நாகலிங்கம், "இதை இவனுக்கு அப்பவே எழுதிக் குடுத்திருக்கலாம்" என்றார்.

எல்லா நாளும் நல்ல நாளாக இருக்கவில்லை. ஒருநாள் கதிரவேலு கள்ளன் என்று நினைத்து நாகலிங்கத்துக்குத் தடியால் போட்டார். இன்னொரு நாள் வேட்டியிலேயே வெளிக்குப் போய்விட்டார். சின்னத்தங்கம் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், "கோவிலுக்குப் போகவேணும், முழுகுங்கோ" என்று சொல்லி வார்த்தாள். குளிக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கிற மனிதர் கோவில் என்றதும் தலையைக் கொடுத்தார். பகலில் வாழைநார் கிழிக்கக் கொடுத்தார்கள். கை வேலை செய்யும்போது மனம் அலையவில்லை. ஐப்பசிக்குள் அவர் ஒருநாளும் தெருவில் இறங்கவில்லை.

அருந்ததி சைக்கிளில் போய்க் கட்டில் வேண்டாம் என்று சொன்னாள். சிஸ்ரர் பெர்னடெட் கையைக் கூப்பினார். "அதுக்கு மூண்டு பேர் காத்திருக்கினம். வேலிக்கு அங்காலை ஆளில்லாதவை. பிறகு அவர் படுக்கையிலை விழுந்தால் எனக்குச் சொல்லியனுப்புங்கோ. புண் வராமல் புரட்டுற விதம் காட்டித்தாறன்." பயமில்லாமல் வீட்டுக்குத் திரும்பினாள் அருந்ததி. வரப்போவது வரட்டும், வரும்போது ஆட்கள் இருப்பார்கள் என்ற எண்ணம் அவளுக்குள் ஊன்றிவிட்டது.

மழை தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை கதிரவேலு கிழக்கு வேலியில் நின்ற கிளுவை மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். பலா மரத்தடியில் நின்றார்.

"பிள்ளை, இதுகள் ஒண்டரை முழம் அங்காலை தள்ளி நிக்குது."

"ஆர் ஐயா நட்டது?"

"நான்தான். ஐப்பசி மழையுக்கை. நாகு கதிர்காமத்துக்குப் போயிருந்தவன்." குரல் தாழ்ந்தது. பானையை உடைத்துவிட்ட பிள்ளையின் முகம். "அவன் வந்து கேட்டால் என்னத்தைச் சொல்லுறது?"

வழக்கு முடிந்த அன்று இதே மனிதர் நல்லூரில் நூறு தேங்காய் அடித்தார்.

"நான் பாத்துக்கொள்ளுறன், ஐயா" என்றாள்.

அவருக்கு முகம் தெளிந்தது. அடுத்த நிமிடம் மழையைப் பற்றிக் கதைத்தார்.

கந்தசஷ்டி வந்தது. சூரன்போரன்று பின்னேரம் ஊரில் ஒரு ஆள் வீட்டில் இல்லை. நாகலிங்கம் கதிரவேலுவின் கையைப் பிடித்துக்கொண்டார். சின்னத்தங்கம் அருந்ததியின் மகளைப் பிடித்துக்கொண்டாள். "விரதக்காரி நீ வரேல்லையோ?" என்று கேட்டாள்.

"ஒரு வேலை கிடக்கு, மாமி. முடிச்சுக்கொண்டு வாறன்."

அவர்கள் தெருவில் மறைந்ததும் அருந்ததி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். பலா மரத்தடியிலிருந்து மூலை வரை தன் வளவுக்குள் ஒன்றரை முழம் அளந்து கயிறு பிடித்தாள். அலவாங்குக் கம்பியால் குழி போட்டாள். மழை குடித்த மண் இளகிக் கொடுத்தது. வெட்டி வைத்திருந்த பன்னிரண்டு கிளுவைத் தடிகளையும் வேலிக் கதியால்களாக வரிசையில் நட்டாள். பழைய மரங்களில் கட்டியிருந்த ஓலைகளை அவிழ்த்துப் புதுக் கதியால்களில் கட்டி, பொட்டுக்கு மட்டும் வழி விட்டாள். ஆறு நாள் விரதம் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டுமுறை இருந்து எழும்பினாள்.

கோவிலில் சூரன் விழுந்த ஆரவாரம் கேட்டபோது கடைசிக் கதியாலின் அடியைக் காலால் மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தாள். கிணற்றடியில் மண்ணைக் கழுவி முழுகினாள். ஈரத் தலையோடு விபூதி பூசிக்கொண்டு கோவிலுக்கு நடந்தாள்.