பாதியில் அறுபட்ட வட்டம்

மலிவாக மரம் கிடைத்தால் தச்சன் ஜேபஸுக்குக் கண்மண் தெரியாது. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் முப்பது வருடம் பூட்டிக் கிடந்த பண்ணைவீட்டை இடித்தபோது ஒரு ஓக் உத்தரத்தை வாங்கி வந்து, ஒரு சாண் அறுத்து, தன் வீட்டுக் கணப்புக்கு மேல் ஏற்றிவிட்டான்.

ஏற்றிய பிறகுதான் தாமசின் என்ற அவன் மனைவி அதன் அறுத்த ஓரத்தைப் பார்த்தாள். மரத்தில் கீறிய அரை வட்டம், உள்ளே மூன்று இதழ்கள்.

அந்த ஊரில் அழகுக்காக யாரும் ஆறிதழ் வட்டம் கீறுவதில்லை. புகைபோக்கி வழியாக இறங்கும் கெட்டது அந்தக் கோட்டில் கால் வைத்தால் தொலைந்தது. முடிவில்லாத கோடு, வெளியேற வழியில்லாமல் அது காலத்துக்கும் அதிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

"மீதிப் பாதி எங்கய்யா?"

"அடுப்புல போட்டாச்சு. விறகுதானடி."

"அப்போ அந்த வட்டத்துக்குள்ள சுத்திக்கிட்டிருந்தது எங்க போச்சு?"

ஜேபஸ் சிரித்தான். அன்று மாலையே குழந்தை டாமரிஸ் வீறிட ஆரம்பித்தாள். இரண்டைப் புதைத்தபின் தங்கிய ஒரே பிள்ளை. நெருப்பருகில் கிடத்தியும் உடம்பு சில்லிட்டுக் கிடந்தது, பாலைத் தொடவில்லை. மூன்றாம் நாள் அவன் சிரிப்பு எங்கே போனதோ, கவராயத்தை எடுத்துக்கொண்டு தொட்டிலுக்கு நேர் மேலே இருந்த விட்டத்தில் புது வட்டம் கீறினான்.

ஆறாவது இதழ் மூடியதும் அழுகை நின்றது. தாமசின் அவன் கையைப் பிடித்து முத்தமிட்டாள். பாவம், அந்த நிம்மதி பிள்ளையைத் தூக்கும்வரைதான்.

டாமரிஸ் அவளைப் பார்க்கவில்லை. கண்கள் மேலே வட்டத்தில் ஓடின, இதழுக்குள் இறங்கின, மறுபடி வட்டத்துக்கு ஏறின. இமைக்கவே இல்லை. சுவர்ப் பக்கம் திருப்பினாலும், மேலங்கியால் முகத்தை மறைத்தாலும் அதே ஓட்டம்தான்.

கெட்டது பிள்ளைக்குள் ஒளிந்திருந்திருக்கிறது. புது வட்டம் அதையும் பிள்ளையையும் சேர்த்தே பிடித்துவிட்டது. அது புரிந்ததும் ஜேபஸ் ரம்பத்தோடு முக்காலியில் ஏறினான். தாமசின் அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அறுக்காம விட்டா இவ இப்படியேதான்டி கிடப்பா," என்றான் அவன்.

"அறுய்யா. ஆனா எந்தப் பாதியில நம்ம பிள்ளை இருக்குன்னு சொல்லிட்டு அறு."

ரம்பத்தின் பல் மரத்தைத் தொட்டபடியே நின்றது. கீழே குழந்தையின் கண்கள் ஒரு சுற்றை முடித்து அடுத்ததைத் தொடங்கின.