அண்டாவுக்கு ஆன செலவு

கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் வீரபாண்டி மளிகைக்கடை திறந்தபோது, வந்தவர்கள் கையிலெல்லாம் ஒரு ரோஸ் நிற அட்டையைத் திணித்தார். கடனுக்குப் பத்து ரூபாய்ச் சாமான் வாங்கினால் அட்டையில் ஒரு முத்திரை. அட்டை நிறைந்தால் எவர்சில்வர் அண்டா இனாம். கடனை நிலக்கடலை விற்ற பிறகு கட்டினால் போதும். அவர் முன்பு சாந்தன்பாறையில் ஏலத்தோட்டத்து ஆட்களுக்குக் கடை வைத்திருந்தவர், அங்கே பழகிய வித்தை என்று பேசிக்கொண்டார்கள்.

சும்மா வருகிற எதைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம்தான். என் வீட்டுக்காரர் மாரப்பன் அதற்கு நேர்மாறு. அட்டையைச் சட்டைப்பையில் வைத்த அன்றே அண்டா வந்துவிட்டது போல நடந்தார்.

"ஏனுங்க, எவனாச்சு சும்மா அண்டா குடுப்பானுங்களா?"

"குடுக்கறான், வாங்கிக்கோ. உனக்கு எல்லாத்தையும் நோண்டிப் பாக்கோணும், முத்தாத்தா."

நோண்டத்தான் செய்தேன். சந்தையில் காசு கொடுத்து ஒரு கிலோ வெல்லம், கடையில் அட்டைக்கு ஒரு கிலோ. அப்படியே பருப்பு, மிளகாய், எண்ணெய். எடையில் குற்றமில்லை. விலைதான் கடையில் கொஞ்சம் கூட. அட்டை நிறைகிறவரைக்கும் அந்தக் கூடுதலைக் கூட்டிப் பார்த்தேன். பாத்திரக்கடையில் அண்டா விற்கிற விலையில் பாதி வந்தது. அப்படியென்றால் பாதி அண்டாவுக்கு நாமே காசு கட்டுகிறோம், மறுபாதி நிஜமாகவே இனாம்! அட, பரவாயில்லையே என்றிருந்தது.

அதைவிடப் பெரிய லாபம் ஒன்று இருந்தது. சாமானெல்லாம் அட்டையில் போனால் பால் விற்ற காசு கையில் நிற்கும். எங்கள் பசு வற்றிக்கொண்டு வந்தது. ஒரு கறவை எருமை பிடித்தால்தான் அடுத்த வருசம் சொசைட்டிக்குப் பால் ஊற்ற முடியும். அந்த எருமைக்காகத்தான் நான் அட்டைக்குச் சம்மதித்தேன்.

அட்டை நிறைந்தது, எருமைக் காசும் சேர்ந்தது. வீரபாண்டி அண்டாவைக் கடையிலேயே கொடுத்திருக்கலாம். மனுசன் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, அண்டாவுக்குப் பொட்டிட்டு, தெருவே பார்க்க வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். விளம்பரத்துக்குச் செய்தது. வந்தது வினை.

எங்கள் பக்கம் வெற்றிலையோடு பாத்திரம் வந்தால் அது சீர். வாங்கினவர்கள் அதற்குக் குறையாமல் திருப்பிச் செய்தே ஆகவேண்டும். அடுத்த மாதமே வீரபாண்டி தன் மகளின் காதுகுத்துக்கு அழைக்க வந்தார்.

"பட்டுப்பாவாடையும் வெள்ளிக் கொலுசும் எடுத்தர்லாம்," என்றார் என் வீட்டுக்காரர்.

"எதுல? எருமைக் காசுலயா? அது சீரில்லீங்க, யாவாரம்!"

"வெத்தலை வெச்சுக் குடுத்தானா இல்லியா?"

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கடைசியில் நான் அந்த அண்டாவையே எடுத்துத் தேய்த்து, எங்கள் மரத்துத் தேங்காய்களைப் போட்டு நிரப்பினேன்.

"அவுங்க அண்டாவையே அவுங்களுக்கா?"

"சீருன்னு சொன்னது நீங்கதானுங்க. சீருக்குச் சீரு, தீந்துபோச்சு."

காதுகுத்து வியாழக்கிழமை. அன்றைக்குத்தான் பொள்ளாச்சியில் மாட்டுச்சந்தை. விசேஷம் முடிந்ததும் நேரே பஸ் ஏறலாம் என்று இவர் எருமைக் காசை மடியில் கட்டிக்கொண்டார். நான் அண்டாவைச் சுமந்து முன்னால் போக, இவர் யாரோ போலப் பின்னால் வந்தார்.

வீரபாண்டி பார்த்ததும் பதறிப்போனார். "என்னம்மா, ஓட்டையா? சொல்லியிருந்தா மாத்திக் குடுத்திருப்பேனே!"

"ஓட்டையில்லீங்க. சீருங்க."

அவர் விழித்தார். அவர் மனைவி ஜானகியம்மாள் விழிக்கவில்லை. தேங்காய் நிறைந்த அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். குழந்தையை உட்கார வைக்கத் தாய்மாமன் மடி இல்லை. ஜானகியம்மாள் ஒற்றைப் பிள்ளை, பிறந்த வீட்டிலிருந்து ஒரு ஆள் வரவில்லை.

"சீரு எடுத்துட்டு வந்திருக்கீக. நீங்களே மடியில வச்சுக்கிடுங்கண்ணே," என்று இவரிடம் குழந்தையை நீட்டினாள்.

இவருக்கு உடன்பிறப்பு கிடையாது. நாற்பது வயதில் முதன்முதலாக ஒருத்தி அண்ணன் என்று நினைத்துக் கூப்பிடுகிறாள். மனுசன் அப்படியே மணையில் உட்கார்ந்துவிட்டார். குழந்தை வீறிட்டபோது இவர் கண்ணிலும் தண்ணீர். தாய்மாமன் என்று உட்கார்ந்தால் கம்மல் போடவேண்டாமா? இவர் கை மடிக்குப் போவதைப் பார்த்தேன். கண்ணால் எரித்தேன். என் பக்கம் திரும்பினால்தானே! எருமைக் காசு முழுவதையும் முடிச்சோடு தட்டில் வைத்தார்.

எனக்கு அழுகை வந்தது. ஜானகியம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு அவளும் அழுதாள். நான் அழுதது எருமைக்காக. ஆனால் அவள் முதுகைத் தடவிக் கொடுக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

மறுநாள் காலை கடைக்குப் போய், நான்கு முத்திரை விழுந்திருந்த புது அட்டையை ஜானகியம்மாள் முன்னால் மேசைமேல் வைத்தேன்.

"என்ன மதினி இது?"

"நாத்தனா கடையில கடன் வெச்சுத் திங்கற குடும்பமில்ல எங்குளுது. பழைய பாக்கி கடலை வித்ததும் வந்துரும். இனி எல்லாம் ரொக்கம். ரெண்டு கிலோ வெல்லம் போடு."

ஜானகியம்மாள் வெல்லத்தை நிறுத்துப் பொட்டலம் கட்டினாள். நான் நீட்டிய காசை என் கையிலேயே வைத்து மூடினாள்.

"மதினிகிட்டக் காசு வாங்குனா எனக்குச் சோறு செமிக்குமா?"

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. உறவுக்காரி கடையில் கடனும் வைக்க முடியாது, காசும் கொடுக்க முடியாது என்றால் நான் எப்படித்தான் சாமான் வாங்குவது? எருமையும் போச்சு, கடையும் போச்சு. வாசலுக்கு வந்ததும் எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு நடந்தேன்.