தப்பே இல்லாத கணக்கு

அந்தத் தாளில் தப்பே இல்லை. மதிப்பீட்டாளரை உறுத்தியது அதுதான்.

வீடு எரிந்துபோனால் மறுபடி கட்ட எவ்வளவு ஆகும் என்று இன்சூரன்ஸுக்காகக் கேட்டால், வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். விற்றால் என்ன கிடைக்குமோ அதைச் சொல்வார்கள். மனை எரியாதுங்க, அதைக் கழிச்சுட்டுச் சொல்லுங்க என்று பதினொரு வருஷமாகச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் ஓய்ந்து போயிருந்தது. இன்று தன் வீட்டுக்கு மதிப்புப் போடக் கூப்பிட்டிருந்த இந்தச் செருப்புக்கடைக்காரரோ, அவள் நாற்காலியில் உட்காருவதற்குள் கோடு போட்ட தாள் ஒன்றை நீட்டினார். மனை விலையைக் காணோம். இன்றைய கொத்தனார் கூலி இருந்தது. கூரை தனி, வயரிங் தனி, ஜன்னல் தனி. கரிந்த சுவரை இடித்து அள்ள எத்தனை லாரி நடை என்பதுகூட இருந்தது.

எரிவதற்கு முன்பே இடிபாட்டை எண்ணி வைத்திருக்கிற மனுஷன்!

போன வருஷம் அவள் மதிப்புப் போட்ட ஒரு குடோன், பாலிசி கைக்கு வந்த ஆறாவது வாரம் சாம்பலானது. கொளுத்தியது முதலாளியே. இன்னொரு முறை இப்படி ஏமாந்தால் உரிமம் போய்விடும் என்று மேலதிகாரி வார்த்தையை மென்று விழுங்காமல் சொல்லியிருந்தார். ஒரு கையெழுத்து. அதில்தான் அவள் பிழைப்பே தொங்கியது.

டேப்பை எடுத்துக்கொண்டு வெளிச்சுவரைச் சுற்றினாள். செருப்புக்கடைக்காரர் நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டே வந்தார். அவள் ஒவ்வொரு அளவைக் குறித்தபோதும் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, தன் நோட்டோடு ஒத்துப் பார்த்தார். இத்தனை அக்கறை எதற்கு?

உள்ளே போனால் இன்னும் மோசம். வாசல் கதவை ஒட்டி ஓர் இரும்புப் பெட்டி, பத்திரம் எல்லாம் அதற்குள் என்றார். தூக்கினால் ஓடலாம் என்கிற இடம். சுவர்களில் ஒரு படம்கூட இல்லை. இருபது வருஷம் குடும்பம் நடத்தியவர்கள் வீடு, நேற்று குடிவந்த மாதிரி மொட்டையாக நின்றது.

அவருடைய மனைவியிடம் பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தாள். அந்த அம்மாள் கணவரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கல்யாண போட்டோ, நல்ல துணிமணி எல்லாத்தையும் என் தங்கச்சி வீட்டுல குடுத்து வச்சிருக்கோம்மா."

செருப்புக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். அந்த அம்மாள் சமையலறைக்குள் நழுவினாள்.

போதும். முதலில் சாமான் நகரும், அப்புறம் தீக்குச்சி. முன்பு இன்சூரன்ஸ் வைத்திருந்த பழைய கம்பெனியை ஏன் விட்டீர்கள் என்று கேட்டாள். அது பெரிய கதை என்று பாதியில் முழுங்கினார். அவள் மனசுக்குள் அறிக்கையின் கடைசி வரியைக்கூட எழுதிவிட்டாள்: சந்தேகத்துக்குரியது, விசாரிக்கவும்.

ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. தன் படிவத்தின் ஒவ்வொரு வரிசையையும் அவர் தாளோடு ஒத்துப் பார்த்து டிக் அடிக்க வேண்டும். பேனாவை எடுத்தவள் முதல் வரிசையிலேயே நின்றாள். அஸ்திவாரம். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த வார்த்தையே இல்லை. அஸ்திவாரம் என்றால் மொத்தத் தொகையில் நூற்றுக்குப் பன்னிரண்டு. பணம் பறிக்க நினைப்பவன் விடுகிற இடமா அது?

"சார், அஸ்திவாரத்தை எழுதலையே?"

"அது எதுக்கு? அதான் இருக்கே."

"எரிஞ்ச வீட்டுலயா?"

"ஆமா. போன தடவை எல்லாம் போச்சு, அது மட்டும் நின்னுச்சு. அதுமேலதானே இதைக் கட்டினேன்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. பதினாறு வருஷத்துக்கு முன் வயரிங் கோளாறில் பழைய வீடு எரிந்தது. அதற்குப் பாலிசி எடுத்தபோது பழைய கம்பெனியிலிருந்து மதிப்புப் போட வந்தவர் டேப்பையே எடுக்கவில்லை, வாசலில் நின்று குத்துமதிப்பாக ஒரு தொகை எழுதினார். அந்தப் பணத்தில் பாதி வீடுதான் எழும்பியது. மிஞ்சிய நாலு போட்டோவை வீட்டில் வைக்க அந்த அம்மாளுக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

மதிப்பீட்டாளர் கொல்லைப்பக்கம் ஓடினாள். செடிகளை விலக்கினாள். சுவர் முடிந்த இடத்தைத் தாண்டிப் பதினொரு அடிக்கு, பழைய அஸ்திவாரத்தின் கறுத்து வெடித்த கல்வரிசை மண்ணோடு மண்ணாக நீண்டு கிடந்தது. முதலில் மேலேயே பார்த்து அளந்தவள் குனிந்து பார்த்திருக்கவில்லை.

இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று திரும்பி வந்து கேட்டாள்.

"படிவத்துல அஞ்சு வருஷத்துக்குள்ள தீப்பிடிச்சுதான்னுதானே கேட்டிருக்கு. ஒருதடவை எரிஞ்ச வீடுன்னு சொன்னா, மறுபடியும் நாங்களே கொளுத்துவோம்னு நினைப்பீங்க."

அவள் எதையோ தேடுகிற மாதிரி பைக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

பொய்க்கணக்கு எழுதுகிறவன் யாரையாவது கேட்டு அஸ்திவாரத்தைச் சேர்த்திருப்பான். அனுபவித்தவனுக்குத்தான் அது விட்டுப்போகும். ஒருதடவை சூடுபட்ட கல் இரண்டாம் தடவை பாரம் தாங்காது என்று எடுத்துச் சொல்லி, முதல் வரிசையை நிரப்பினாள். தொகை ஏறியது. அவர் கட்ட வேண்டிய தவணையும் கொஞ்சம் ஏறியது.

செருப்புக்கடைக்காரர் தொகையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"கம்பெனி ஆளே தொகையை ஏத்தி நான் கேள்விப்பட்டதில்லை. இதுல உங்களுக்கு என்ன வருது?"

ஒன்றும் வராது என்றாள். அவர் நம்பவில்லை. டேப்பை வாங்கி, இந்தத் தடவை நான் படிக்கிறேன், நீங்க எழுதுங்க என்று வாசலிலிருந்து தொடங்கினார்.

இரண்டாம் அளவும் அதே எண்ணில் வந்து நின்றது. அவள் கையெழுத்துப் போட்டாள். அவர் போடுவதற்குமுன் தாளைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.