மாமனாருக்கு ஒரு பருத்தி ஸ்வெட்டர்

டிரைவருக்கும் அவருடைய மாமனாருக்கும் பேச்சு நின்று நாலு வருஷம் ஆகிறது. காரணத்தைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

மாமனார் நாற்பது வருஷம் கடை போட்டு உட்கார்ந்த டைலர். ஒருநாள் ஆசை ஆசையாக மாப்பிள்ளைக்கு ஒரு நீலச் சட்டை தைத்துக் கொடுத்தார். அக்குளில் கொஞ்சம் இறுக்கியது. அதை அவரிடமே சொல்லியிருந்தால் பத்து நிமிஷத்தில் வேலை முடிந்திருக்கும். பெரியவர் மனசு நோகுமே என்று இந்தப் புத்திசாலி, பஸ் டிப்போவுக்கு எதிரே இருந்த இன்னொரு தையல் கடையில் கொடுத்துப் பிரித்துத் தைத்துக்கொண்டார். அதோடு விட்டாரா? அடுத்த வாரம் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு மாமனார் முன்னால் போய் நின்றார். டைலர் கண்ணுக்கு அடுத்தவன் போட்ட தையல் தெரியாமல் போகுமா? அவர் அக்குளைப் பார்த்தார், மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தார், எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றோடு சரி.

பிறகு முழங்கால் மக்கர் செய்ய, பெரியவர் கடையை மூடிவிட்டுத் தையல் மிஷினும் கையுமாக மகள் வீட்டுக்கே வந்து சேர்ந்தார். பேச்சு மட்டும் கூட வரவில்லை. மூன்றடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, "உங்கப்பா டீ குடிச்சாரான்னு கேளு" என்பார் டிரைவர். "குடிச்சாச்சுன்னு சொல்லும்மா" என்பார் பெரியவர். மகள் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவள். அவள் ஷிப்டுக்குப் போய்விட்டால் நடுவில் ஆள் கிடையாது. அப்போது இரண்டு பேரும் சுவரோடு பேசுவார்கள். "கதவைத் தாப்பா போட்டா தேவலை" என்று பெரியவர் காலண்டரைப் பார்த்துச் சொல்வார். டிரைவர் போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, "போட்டாச்சு" என்று ஃபேனிடம் சொல்வார்.

டிரைவருக்கு இது அலுத்துப்போயிருந்தது. அலுப்புக்கு மேலே வலித்தது. சொந்த அப்பாவைச் சின்ன வயசிலேயே பறிகொடுத்தவர். ஒருதரம், ஒரே ஒருதரம், அந்த வாயிலிருந்து 'மாப்பிள்ளை' என்று வந்துவிட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

டிரைவர் பின்னுகிறவர். சிகரெட்டை விடச் சொன்னார் டாக்டர். விட்டபிறகு கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. மனைவி இரண்டு பின்னல் ஊசியைக் கையில் திணித்தாள். அன்றிலிருந்து வண்டி கடைசி ஸ்டாப்பில் நிற்கும் இருபது நிமிஷமும் கம்பளி நூல்தான். கண்டக்டர் முதல் மாதம் விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டாவது மாதம் தனக்கொரு குல்லா கேட்டார்.

மாமனாருக்கும் போன குளிருக்கு ஒரு கம்பளி மஃப்ளர் பின்னினார். இரண்டாம் நாளே அது மகள் கை வழியாகத் திரும்பி வந்தது. "அரிக்குதாம்." கொழுப்பு என்றுதான் டிரைவர் முதலில் நினைத்தார். மறுநாள் காலை பெரியவர் கழுத்தில் வட்ட வட்டமாகத் தடிப்பைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது. பாவம், நிஜமாகவே ஒத்துக்கொள்ளவில்லை. இந்த வருஷமும் குளிர் வந்தது. பெரியவர் காலையில் கையைக் கக்கத்தில் சொருகிக்கொண்டு ஜன்னல் வெயிலுக்காகக் காத்திருந்தார். டிரைவர் நேரே நூல் கடைக்குப் போனார்.

"பருத்தி நூல்ல ஸ்வெட்டர் பின்னலாமா?"

"தாராளமா பின்னலாம்" என்றாள் கடைக்காரம்மா. "ஆனா கம்பளி மாதிரி நெனச்சுடாதீங்க. மொதல்ல ஒரு சின்னத் துண்டு பின்னி, தொவைச்சு, காயவெச்சு, அப்புறம் அளவெடுங்க."

டிரைவர் பெரிய ஆளாகத் தலையாட்டினார். பத்துப் பதினைந்து குல்லா பின்னியவருக்கு இவள் சொல்லித் தர வேண்டுமாக்கும்! சாம்பல் நிறத்தில் நூலும், புது டிசைன்கள் போட்ட ஒரு புத்தகமும் வாங்கிக்கொண்டு வந்தார்.

பருத்தி அவரைப் படாதபாடு படுத்தியது. கம்பளி இழுத்த இழுப்புக்கு வரும், விட்டால் பழையபடி சுருங்கும். இது வரவே மாட்டேன் என்றது. ஒரு கண்ணி தளர்ந்தால் ஊருக்கே தெரிந்தது. புத்தகத்தில் இருந்த டிசைன் அதைவிட மோசம். அதுவரை அவர் பின்னியதெல்லாம் வெறும் நேர்ப்பின்னல். இதுவோ கட்டம் கட்டமாகப் போட்ட படம். வெள்ளைக் கட்டத்துக்கு ஒரு மாதிரி, புள்ளி வைத்த கட்டத்துக்கு ஒரு மாதிரி பின்ன வேண்டும். முடிவில் இலை இலையாக வரவேண்டும். அவருக்கு வந்ததெல்லாம் வேப்பெண்ணெய் குடித்தவன் முகம் மாதிரி ஏதோ ஒன்று. ஆறு தடவை பின்னி ஆறு தடவையும் பிரித்தார்.

"என்ன அண்ணே, இது எலியா?" என்றார் கண்டக்டர்.

"இலை."

"எலின்னா கூட ஒத்துக்கலாம்."

டிரைவர் ஊசியை வைத்துவிட்டு வண்டியைத் திருப்பினார். பாதி வட்டம் அடித்தபோது அவர் கால் தானாகப் பிரேக்கில் போய் விழுந்தது. பதினெட்டு வருஷமாக இதே ரூட். போகும்போது வருகிற ஸ்டாப் எல்லாம் திரும்பும்போது தலைகீழாகத்தானே வரும்? படத்தை வலமிருந்து இடமாக ஒரு வரிசை படித்தால், பின்னலைத் திருப்பிப் பிடித்து அடுத்த வரிசையை இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டாமா? எல்லா வரிசையையும் வலது பக்கத்திலிருந்தே படித்துக்கொண்டிருந்தார். வண்டியைத் திருப்பாமலே திரும்பி வந்த டிரைவர்! தலையில் நாலு தட்டுத் தட்டிக்கொண்டார். அன்று மாலையே முதல் இலை இலையாக வந்தது. கண்டக்டரே ஒத்துக்கொண்டார்.

வந்த சந்தோஷத்தில் துண்டைத் துவைத்துப் பார்க்க மறந்துபோனார். மறந்தார் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. பொறுமை இல்லை, அவ்வளவுதான். மாமனாரிடம் அளவு கேட்க வாய் இல்லாததால், கொடியில் காய்ந்த அவருடைய சட்டையை நைசாக எடுத்துப் போய் அளந்துவிட்டுத் திரும்பப் போட்டார். கைவைக்காத ஸ்வெட்டர். இரண்டு மாதம் பிடித்தது. முடித்து, விரித்துப் பார்த்தபோது அளவு இம்மி பிசகவில்லை.

வாராந்திர லீவு நாள். மனைவி காலை ஷிப்டுக்குப் போயிருந்தாள். டிரைவர் ஸ்வெட்டரை அலசி, சொட்டச் சொட்டத் தோள்பட்டையில் கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிட்டார். மத்தியானம் போய்ப் பார்த்தார். தண்ணீர்க் கனத்தில் பருத்தி கீழே கீழே என்று இறங்கி, இடுப்புவரை இருக்க வேண்டியது முழங்கால்வரை வந்திருந்தது. அகலமும் கண்ணி தளர்ந்து பெருகி, இரண்டு மாமனார் தாராளமாக உள்ளே போகலாம். காய்ந்த பிறகும் அது ஏறவில்லை.

கூடத்தில் உட்கார்ந்து மடியில் போட்டுக்கொண்டார். இரண்டு மாத வேலை. அழுகை வருகிற மாதிரி இருந்தது. பின்னுகிறவனுக்குத் தப்பு வந்தால் ஒரே வழிதான் தெரியும். நூல் முனையைத் தேட ஆரம்பித்தார்.

தையல் மிஷின் ஸ்டூலிலிருந்து குரல் வந்தது. "யாருக்காம் அது?" பெரியவர் காலண்டரைக் கேட்டார்.

"வீட்ல இருக்கற பெரியவருக்கு" என்றார் டிரைவர் ஃபேனிடம். "அரிக்காத நூல்."

டிரைவருக்கு முனை கிடைத்தது. முடிச்சை அவிழ்த்தார்.

"பிரிக்காதீங்க."

மனைவி வந்துவிட்டாளோ என்று டிரைவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. பெரியவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர் எதிரிலேயே நின்றார். ஸ்வெட்டரை வாங்கி உள்பக்கம் திருப்பினார். இலைகளின் மேல் விரலை ஓட்டினார். பிறகு அதைத் தலைவழியாக மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன் நின்று, சாக்கட்டியால் இரண்டு பக்கமும் கீழேயும் கோடு போட்டார். கழற்றி மேஜைமேல் விரித்தார். பெரிய கத்தரிக்கோலை எடுத்தார்.

"ஐயோ மாமா!" நாலு வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தை அலறலாகத்தான் வந்தது. "வெட்டினா மொத்தமும் ஓடிடும்! கண்ணி கண்ணியா அவுந்துடும்!"

"தையல் போட்டுட்டு வெட்டினா எங்கே ஓடும்?"

மிஷின் கடகடவென்று ஓடியது. கோட்டுக்கு உள்பக்கமாக இரண்டு ஓட்டு ஓட்டினார். பிறகு கத்தரிக்கோல் வாயைத் திறந்தது. டிரைவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். சரக் சரக்கென்று பன்னிரண்டு இலை தரையில் விழுந்தது.

"கண்ணைத் தொறங்க. உசிரு ஒண்ணும் போகல."

ஒரு நூல்கூட அவிழவில்லை. பக்கங்களைச் சேர்த்து, அடியை மடித்து அடித்து, பெரியவர் மறுபடி போட்டுக்கொண்டார். பார்க்கவே நிறைவாக இருந்தது. அவர் வலது கையைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார்.

"அக்குள்ல கொஞ்சம் இறுக்குது, மாப்பிள்ளை" என்றார்.

டிரைவர் அக்குளைப் பார்த்தார், மாமனார் முகத்தைப் பார்த்தார். நாற்பது வருஷ டைலர். அக்குள் அளவு தப்புகிற கையா அது?

"பாத்தீங்களா" என்றார் பெரியவர், கையை இறக்காமலே. "சொல்றதுக்கு எவ்வளவு நேரமாச்சு?"

டிரைவர் விடுவிடுவென்று நடந்தார். உள்ளே போய் அலமாரியின் அடித்தட்டைக் கிளறினார். நாலு வருஷமாகக் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருந்த நீலச் சட்டையை எடுத்து வந்து, மாமனார் கையில் கொடுத்தார்.

"இது இன்னமும் இறுக்குது மாமா."

பெரியவர் சட்டையின் அக்குளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து டிப்போ எதிர்க்கடைக்காரனின் தையலைப் பார்த்தார். "இதெல்லாம் ஒரு தையலா!" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே, ஸ்டூலில் உட்கார்ந்து பிளேடைத் தேடினார்.