சமாதானத்துக்கு ஓர் அறை

"அண்ணி, நீங்க இந்த வாசப்படியத் தாண்டினீங்கன்னா நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

கொழுந்தன் கதவுக்குக் குறுக்கே கையை நீட்டி நின்றான். மீசை இப்போதுதான் கறுக்கத் தொடங்கியிருந்தது.

தேர்தல் முடிவு வந்த அன்று இந்தத் தெருவும் எதிர்த்தெருவும் மோதிக்கொண்டதில் அவள் புருஷன் செத்தான். கலவரத்துக்குப் போனவனில்லை, சவாரியை இறக்கிவிட்டு வீடு திரும்பிய ஆட்டோக்காரன். அதே நாளில் எதிர்த்தெருவிலும் ஒருவன் செத்தான். அவன் பெண்டாட்டியை எல்லோரும் சுருட்டை என்பார்கள், தலைமுடிக்காக. இரண்டு தெருவும் சேரும் முக்கில் இருக்கும் தையல் அறையில், இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சீருடை தைத்தார்கள். அதுதான் கொழுந்தனுக்குப் பொறுக்கவில்லை.

"என் அண்ணனக் கொன்ன தெருக்காரிகூட உக்காந்து டீ குடிக்கிறீங்க. வெளிய தலை காட்ட முடியல எனக்கு."

"புருஷன் போனவ வீட்டோட கிடந்தா என்னவாம்?" என்றாள் மாமியார் அடுப்படியிலிருந்து.

"அவ புருஷனையும் ஆள்தான் கொன்னுச்சு, இடி விழுந்து சாகல," என்றாள் அவள் கொழுந்தனிடம். "அன்னைக்கு நம்ம தெருவுல யாரு யாரு கல்லெடுத்தாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

அவன் கை தானாக இறங்கியது. அவனும் எடுத்தவன்தான்.

அறைக்குப் போனதும் சுருட்டையிடம் சொல்லி அழுதாள். "பாய்க்கு அடியில இரும்புக் கம்பி வச்சிருக்கான். நானே பாத்தேன்."

சுருட்டை மெஷினை நிறுத்தவில்லை. "என் தம்பி தலைகாணிக்கு அடியில வச்சிருக்கான். அவ்வளவுதான் வித்தியாசம்."

மறுநாள் இரண்டு பேரும் வேண்டுமென்றே சாப்பாட்டு டப்பாவை வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். மதியம் கொழுந்தனும் சுருட்டையின் தம்பியும் ஆளுக்கொரு டப்பாவோடு வந்து நுழைந்ததும் சுருட்டை கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"அடிச்சுக்கிறதுன்னா இங்கயே அடிச்சுக்கங்க. நீங்க செத்தா அழறதுக்கு நாங்க ரெண்டு பேர்தான் இருக்கோம். வேலைய நிறுத்திட்டு அழணும் பாருங்க, அதான் முன்கூட்டியே சொல்றேன்."

பையன்கள் முறைத்தபடி நின்றார்கள். கடைசியில் சுருட்டையின் தம்பி, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "உங்க அண்ணன் ஆட்டோவ விட்டு எறங்கவே இல்ல. நிறுத்துங்கடான்னு கத்திப் பாத்தேன். யாரும் கேக்கல."

கொழுந்தன் துணி மூட்டை மேல் சரிந்து உட்கார்ந்தான். அண்ணனைப் புதைத்த அன்று அழாதவன், அன்றைக்கு வாய்விட்டு அழுதான்.

அதற்கப்புறம் அவர்கள் மதியம் மதியம் வந்தார்கள். கூட்டாளிகளும் வந்தார்கள். பொத்தானுக்குக் காஜா போடும் பெண்களைக் கிண்டல் செய்தார்கள், திட்டு வாங்கினார்கள். வாய்ச்சண்டை முற்றினால், "சமாதானம்னா யாராவது விட்டுக் குடுக்கணும்" என்று அவள்தான் விலக்கிவிடுவாள். பாய்க்கு அடியிலிருந்த கம்பி துணி காயப்போடக் கொல்லைக்குப் போனது.

சேதி லாரி முதலாளியின் காதுக்கு எட்டியது. கலவரத்தன்று கல் வந்து இறங்கியது அவர் லாரியில்தான். இப்போது அவர் சமாதானக் குழுத் தலைவர். முக்கில் மேடை போட்டார். இரண்டு பையன்களையும் ஏற்றிக் கட்டிப்பிடிக்க வைத்துப் படம் எடுத்தார்கள். பெண்கள் கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள்.

"ரெண்டு தெருவுக்கும் பொதுவா இருக்குறது அந்தத் தையல் ரூம் ஒண்ணுதான்," என்றார் தலைவர் மைக்கில். "இனிமே அது நம்ம பசங்களோட சமாதான மன்றம். புருஷனப் பறிகொடுத்த பொண்ணுங்க முக்குல உக்காந்து தைக்கிறது ரெண்டு தெருவுக்கும் கௌரவம் இல்ல. வீட்டோட இருக்கட்டும். நாம பாத்துக்குவோம்."

எந்தப் பேச்சுக்கும் ஒரு தெரு கைதட்டினால் மறு தெரு கையைக் கட்டிக்கொண்டிருக்கும். இதற்கு இரண்டு தெருவும் தட்டின.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். "நீயுமா தட்டுன?"

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். "பெரியவங்க முடிவு அண்ணி. சமாதானம்னா யாராவது விட்டுக் குடுக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னது அவள்தான்.

காலையில் போனபோது மெஷின்களை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளுடையதை ஒரு பக்கம் கொழுந்தனும் மறுபக்கம் சுருட்டையின் தம்பியும் தூக்கி வந்தார்கள்.

"பாத்துப் புடி மச்சான், கால்ல போட்டுக்கப் போற."

"நீ மொதல்ல எறக்கு மச்சான்."

அவ்வளவு பதமாக இறக்கினார்கள். இரண்டு தெருவும் சேர்ந்து செய்த முதல் வேலை அது.

சுருட்டை உள்ளே போய் ஒரு முக்காலியைத் தூக்கி வந்து அவளுக்குப் போட்டாள். அவள் நடுத்தெருவிலேயே உட்கார்ந்து, ஊசியில் நூலைக் கோத்து, பாதியில் நின்ற சட்டைக் கையைத் தைக்கத் தொடங்கினாள். பையன்கள் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் உள்ளே போய்விட்டார்கள். தலைவர் வந்து பார்த்தார். வானம் கறுத்துக்கொண்டிருந்தது, மழை பெய்தால் தானாக எழுந்து போவாள் என்று அண்ணாந்து பார்த்துவிட்டு, அவரும் உள்ளே போனார்.